தானே புயலில் விழுந்த பலா உங்கள் வீட்டுக் கட்டிலாகட்டும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் 850 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தை மாதம் குடிபோகிறோம். மாமியாரும் 6 வயது மகனும் எங்களோடு இருக்கிறார்கள். மகனுக்கு அடிக்கடி இளைப்பு வரும். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருட்களால் வீட்டை அமைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடைக்குப் போனால் எதை எடுத்தாலும் 'ஈகோ' என்று ஒட்டியிருக்கிறது. மாடுலர் கிச்சன், மூங்கில் போர்டு வார்ட்ரோப், எல் வடிவ சோபா, கட்டில் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். இதில் எதை நம்புவது? பண்ருட்டி பக்கம் அப்பா வீட்டில், தானே புயலில் விழுந்த பலாமரத்தை அறுத்த பலகைகள் 14 மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனம். மாமனாரின் இரும்பு பீரோவும் துணி கிழிந்த சாய்வு நாற்காலியும் இருக்கின்றன. புது வீட்டுக்குப் பழசு எதற்கு, போட்டுவிடலாம் என்கிறார் கணவர். உங்கள் ஆலோசனை தேவை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் என் மனம் அந்த 14 பலகைகளிடமே நின்றது. கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலில் உள்ள எந்தப் பொருளையும்விட அவைதான் பசுமையானவை. அவற்றுக்காகப் புதிதாக ஒரு மரத்தை வெட்ட வேண்டாம். எங்கிருந்தோ கப்பலில் வர வேண்டாம். ஒரு மினி வேன் வைத்தால் காலையில் போய் மதியத்துக்குள் எடுத்து வந்துவிடலாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. எத்தனையோ குடும்பங்கள் வந்த விலைக்கு விறகாகத் தள்ளிவிட்டன. உங்கள் அப்பா அதை மில்லில் கொடுத்து அறுத்து, பரணில் ஏற்றி, இத்தனை வருடம் மழை படாமல் காத்திருக்கிறார். மரம் நன்றாகப் பதப்பட்டிருக்கும். கடையில் இன்று வாங்கும் பலகையில் இந்தப் பதம் கிடைப்பது அரிது.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாதான் தஞ்சாவூர் வீணைக்குப் போகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வீணை செய்கிறவர் அதன் நாதத்துக்காக வாங்குகிறார். ஆசாரிக்குப் பிடிப்பது வேறு குணம். பலாவின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கரையான் லேசில் தொடாது, இழைப்புளிக்கு நன்றாக இணங்கும், வருடம் போகப் போக மஞ்சள் நிறம் மங்கித் தேன் நிறத்துக்கு வரும்.

முதலில் பலகைகளை இறக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். ஒரு கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் அது வைரம். ஓரத்தில் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். அது வைரம் பாயாத பகுதி. உளுப்பதும் செல் அரிப்பதும் அங்கேதான். பலகையை நிறுத்தித் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். மாவு போலப் பொடி கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓரத்தை அறுத்து நீக்கிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். மாட்டுக்கொட்டகையில் இருந்த பலகை என்பதால் எங்காவது ஆணி அடித்து எதையாவது மாட்டியிருப்பார்கள். மில்லுக்கு ஏற்றும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி ஆணி தேடிப் பிடுங்கிவிடுங்கள். ரம்பத்தில் ஆணி பட்டால் பல் உடையும். அறுக்கிறவருக்கும் ஆபத்து.

கணக்கைப் பார்ப்போம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். உங்கள் பலகை ஒன்று முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. 14க்கும் சேர்த்து ஏறக்குறைய 10 கன அடி. ஆறரைக்கு ஐந்து அளவில் அலங்காரம் இல்லாத ஒரு கட்டிலுக்கு, சேதாரமும் சேர்த்து, 5 கன அடி போதும். மீதியில் பையனுக்குப் படிக்கும் மேசையும் சமையலறை அலமாரிக்குக் கதவுச் சட்டங்களும் வரும். கட்டில் கால் மூன்றங்குலச் சதுரம் வேண்டும், ஒன்றரை அங்குலப் பலகையில் அது வராது. இரண்டு துண்டுகளை ஒட்டலாம். நான் என்றால் வீடு இடித்த மரம் விற்கும் பழைய மரக்கடையில் நான்கு வேங்கைத் துண்டு பொறுக்குவேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் அப்படிக் கடைகள் இருக்கின்றன. பழைய உத்திரம், நிலை, சன்னல் சட்டம் என்று குவிந்து கிடக்கும்.

ஆசாரியிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மூட்டுகள் கழுந்து வைத்து, அதாவது ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி, செய்ய வேண்டும், வெறும் ஸ்க்ரூ முறுக்கிய கட்டில் வேண்டாம். கழுந்து வைத்த கட்டிலைக் கழற்றலாம், மாற்றலாம், முப்பது வருடம் கழித்து உங்கள் மகன் ஊர் மாறினால் பிரித்து எடுத்துப் போகலாம். இரண்டாவது, அகலப் பலகைகளைப் பசை போட்டுச் சட்டத்தோடு ஒட்டிவிடாமல், சட்டத்தில் காடி என்கிற நீளப் பள்ளம் எடுத்து அதற்குள் சற்று அசையும்படி விட வேண்டும். மரம் நீளத்தில் மாறாது, அகலத்தில் கார்த்திகையில் ஊதும், சித்திரையில் சுருங்கும். கோடையில் இறுக்கமாகச் செய்த மேசை இழுப்பறை ஐப்பசி அடைமழையில் திறக்கவே திறக்காது. நம் கடற்கரை ஊர்களில் இதற்கு இடம் விட்டுச் செய்தே ஆக வேண்டும்.

சரி, கடைக்காரரின் பட்டியலுக்கு வருகிறேன்.

நான் புதுச்சேரியில் 20 வருடத்துக்கு மேலாக வீட்டு உள்வேலை செய்கிறேன். தொடக்கத்தில் எல்லோரையும் போல, மரத்துகளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் மாடுலர் சமையலறைகள் செய்தேன். அப்படி ஒன்று கடலூரில். 2015 வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கீழ் வரிசைப் பெட்டிகள் டீயில் ஊறிய ரஸ்க் போல இரண்டு மடங்கு பருத்திருந்தன. விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போனது. மேலே ஒட்டிய ஷீட் தனியாகத் தொங்கியது. அத்தனையையும் வாரி வண்டியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினோம். எரிக்கவும் முடியாது, மட்க விடவும் முடியாது. அதே வீட்டில், அதே தண்ணீரில், அந்த வீட்டுப் பாட்டியின் வேப்பமரக் கட்டிலும் நின்றது. சேற்றைக் கழுவி, வெயில் நேராகப் படாத திண்ணையில் மூன்று வாரம் வைத்தார்கள். ஒரு மூட்டு தளர்ந்தது. தெருமுனை ஆசாரி வந்து ஓர் ஆப்பு அடித்தார். முடிந்தது.

அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான் கேட்பது, இது கெட்டால் இந்த ஊரில் யார் சரி செய்வார் என்றுதான். ஆள் இருந்தால் அது நீண்ட நாள் வாழும். நீண்ட நாள் வாழ்ந்தால், அதைச் செய்யச் செலவான மரத்துக்கும் மின்சாரத்துக்கும் நியாயம் கிடைக்கும். 'ஈகோ' என்று ஒட்டிய பொருள் 5 வருடத்தில் குப்பைக்குப் போனால் அதில் பசுமை ஏது?

உங்கள் வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளை இருப்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., மலிவான பிளைவுட் ஆகியவற்றைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையால் ஒட்டுகிறார்கள். புது அலமாரியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். மூச்சுக்குழாயை உறுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஒரு வாரத்தில் வாடை போய்விடும் என்பார்கள். மூக்குக்குப் பழகிவிடும் என்பதுதான் சரி. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அது கசியும். வெக்கையும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். கடலூர்க் காற்றில் இரண்டும் உண்டு. எங்காவது பிளைவுட் தவிர்க்கவே முடியாது என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளதை வாங்குங்கள். அதில் போடும் பீனாலிக் பசை நீரையும் தாங்கும், கசிவும் மிகக் குறைவு. விளிம்புகளை மூடாமல் விடக் கூடாது.

மூங்கில் போர்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூங்கில் நல்ல பொருள், மூன்று முதல் ஐந்து வருடத்தில் வெட்டுக்கு வரும் புல். ஆனால் போர்டு என்பது மூங்கில் கீற்றுகளைப் பசை போட்டு அழுத்தியது. என்ன பசை, எந்த ஊரில் செய்தது என்று கேளுங்கள். கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முழு மூங்கிலில் ஏதாவது செய்ய ஆசை இருந்தால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தியதா என்று பார்த்து வாங்க வேண்டும். பச்சை மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்துவிடும். ஆரோவில்லில் மூங்கில் மையம் இருக்கிறது, ஒரு நாள் குடும்பத்தோடு போய் வாருங்கள்.

டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. நம் பக்கம் விற்பவை பெரும்பாலும் பி.வி.சி. கலந்தவை. தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது என்பது உண்மை. குளியலறைக் கதவுக்கு அதைப் போட்டால் நான் குறை சொல்லமாட்டேன். வீடு முழுக்க வேண்டாம்.

சமையலறைக்கு மாடுலர் பெட்டிகளே தேவையில்லை. நம் வீடுகளில் வழிவழியாக வரும் கடப்பா கல் அலமாரியைவிட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே செங்கல் தடுப்பு, நடுவில் கடப்பா தட்டு. வெள்ளம் வந்தாலும் கழுவிவிட்டால் தீர்ந்தது, கரையான் வராது, பசை நெடி இல்லை. வீட்டு வேலை இன்னும் முடியவில்லை என்பதால் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பூச்சு முடிந்த பிறகு சொன்னால் உடைக்க வேண்டிவரும். தட்டுகளுக்கு இடையில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை உங்கள் குக்கரையும் அரிசி டப்பாவையும் வைத்து அளந்து கொடுங்கள். முன்னால் பலாச் சட்டத்தில் கதவு. சட்டத்துக்குள் முழுப் பலகை போடாமல் சாய்வான பட்டிகள் போடச் சொல்லுங்கள், காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது.

இந்தப் பட்டிக் கதவு என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. 1930களின் கடைசியில் கட்டத் தொடங்கிய கட்டடம். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் கலைஞராகப் பெரும் பெயர் பெற்ற ஜார்ஜ் நகஷிமா அப்போது இளைஞராக இங்கே தங்கி வேலை பார்த்தார், அறைகளுக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அந்த அறைகளுக்குத் தேக்குப் பட்டிகளால் ஆன தள்ளு கதவுகள். மறைவும் உண்டு, காற்றும் உண்டு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதவு எனக்குத் தெரியாது. உங்கள் துணி அலமாரிக்கும் இதே பட்டிக் கதவு செய்யலாம். சுவரில் கடப்பா தட்டு, முன்னால் பட்டிக் கதவு, அவ்வளவுதான் வார்ட்ரோப்.

கீல், கைப்பிடி, ஸ்க்ரூ மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மஞ்சக்குப்பத்துக்கு உப்புக்காற்று தாராளமாக வரும். பித்தளை அல்லது 304 ரக எவர்சில்வர் போடுங்கள்.

அப்புறம் பாலிஷ். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். நல்ல மரத்தில் செய்துவிட்டு, மேலே ஃபார்மால்டிஹைடு உள்ள மெலமின் பாலிஷ் அடித்து, தவிர்த்த நெடியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். கட்டிலுக்குப் பழைய பிரெஞ்சு பாலிஷ் போதும். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்ப்பது. ஸ்பிரிட் பறந்ததும் மேலே நிற்பது அரக்கு மட்டும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். திரும்ப ஒரு கை தேய்த்தால் போய்விடும். படிக்கும் மேசைக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் நல்லது. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றும். ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சுவரைப் பார்த்த பக்கம், கட்டிலின் அடிப்பக்கம் போன்ற இடங்களுக்கு உங்கள் ஊரிலேயே அருமையான ஒன்று இருக்கிறது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். பருப்பு எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டில் வருவது. மரத்துக்கும் படகுக்கும் பூசுகிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு, பூச்சி அண்டாது. கருஞ்சிவப்பாகக் கறை ஏற்றும், அதனால் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு வேண்டாம். தோலில் பட்டால் கொப்புளம் போடும். முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் கையுறை, நீளக் காம்பு பிரஷ், திறந்த வெளி மூன்றும் கட்டாயம். நன்றாகக் காய்ந்து பிசுக்கு நின்ற பிறகே வீட்டுக்குள் எடுங்கள். பூசும் நாட்களில் பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பீரோவைப் போடாதீர்கள். பழைய பீரோவின் தகடு கனமானது, இன்று அந்தக் கனத்தில் வாங்கினால் விலை எட்டாது. துரு பிடித்த அடிப்பாகத்தை மட்டும் வெல்டிங் பட்டறையில் மாற்றி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துப் பெயின்ட் அடித்தால் இன்னும் ஒரு தலைமுறை போகும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும், அதனால் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். பட்டறையிலேயே முடித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

மெத்தை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயற்கைப் பொருள் என்றாலே இளைப்புக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ஈரக்காற்றில் வெயில் காட்டாமல் போட்டுவிட்டால் அதில் தூசுப்பூச்சி சேரும். இளைப்பைத் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கனமான ஒரே மெத்தைக்குப் பதில் கீழே தென்னைநார் மெத்தை, மேலே தூக்கிச் சுருட்ட முடிகிற மெல்லிய பஞ்சு மெத்தை என்று இரண்டாகப் போடுங்கள். மேலே உள்ளதை வாரம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்டுங்கள், விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். பஞ்சு அடித்துத் தைக்கிறவர் வரும்போது பையனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மருத்துவர் மெத்தை உறை போடச் சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள்.

எல் வடிவ சோபா வேண்டாம். ஃபோம், ரெக்ஸின், உள்ளே என்ன மரம் என்றே தெரியாத சட்டம். ஒரு மூலையில் கிழிந்தால் மொத்தமும் போச்சு. 850 சதுர அடி வீட்டில் நடக்கவும் இடம் வேண்டும். சிதம்பரம் தாண்டிச் சீர்காழி போகும் வழியில், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தைக்கால் என்ற ஊர். சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள். செய்கிறவரையே நேரில் பார்த்து வாங்கலாம், பின்னல் அறுந்தால் திரும்ப அவரிடமே போகலாம். இரண்டு நாற்காலியும் ஒரு நீள இருக்கையும் போதும். மெத்தை தனியே எடுக்க வர வேண்டும், உறைக்கு ஜிப் இருக்க வேண்டும். மாமியாருக்கு இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் உயரம் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் எழ முழங்கால் ஒத்துழைக்காது.

திரைச்சீலைக்குக் குறிஞ்சிப்பாடி கைத்தறித் துணி, விருந்தாளிக்குக் கோரைப்பாயும் பவானி ஜமக்காளமும். தண்ணீருக்கு வில்லியனூர் மண்பானை ஒன்று.

இன்னொன்று, எல்லாம் தைக்குள் முடிய வேண்டும் என்று ஆசாரியை நெருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அவசரமாகச் செய்த மரவேலை கோடையில் விரிசல் காட்டும். பலகைகளை மழைக்கு முன்பே எடுத்து வந்து, புது வீட்டில் ஓர் அறையில் இடையிடையே குச்சி வைத்து, காற்று போகும்படி அடுக்கிவிடுங்கள். ஈரச் சுவரில் சாய்க்க வேண்டாம். பொங்கலுக்குப் பாயோடும் பீரோவோடும் குடிபோங்கள். மாசியில் கட்டிலை ஆரம்பிக்கலாம். கடன் வாங்கும் தொகையும் பாதிக்குக் கீழே வந்துவிடும் என்று நினைக்கிறேன், கொத்தனார் கூலியையும் ஆசாரி கூலியையும் பேசிவிட்டு அதற்கேற்ற அளவு மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக மாமனாரின் சாய்வு நாற்காலி. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், அதில் கெட்டது துணி ஒன்றுதான். இரண்டு கட்டைகளை உருவினால் துணி கையோடு வந்துவிடும். பழைய துணியையே அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கனமான கைத்தறிப் பருத்தி வாங்கி, முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கி நாற்காலி நிமிர்ந்துவிடும். இரண்டாக மடித்து, கட்டை நுழையும் முனைகளில் மூன்று ஓட்டுத் தையல் போடச் சொல்லுங்கள். தையற்கடையில் அரை மணி நேர வேலை. நிறத்தை உங்கள் மாமியாரே தேர்ந்தெடுக்கட்டும்.